பையில் அடங்கும் ஜிம்: இரண்டு மாம்பழ சீசன் கழித்து

சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் எனக்கு ஃபீல்டு வேலை. வீடு கிருஷ்ணகிரியில். வாரத்தில் பாதி நாள் பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று போய்விடும். ராத்திரி எந்த ஊர் லாட்ஜ் என்பது சாயங்காலம்தான் தெரியும். மாதச் சந்தா கட்டி ஜிம்முக்குப் போகிற பிழைப்பு இல்லை இது. அதனால்தான் போன மாம்பழ சீசனுக்கு முந்தின சீசனில் இந்த மடக்குப் பலகை செட்டை வாங்கினேன். இன்றுவரை அதில்தான் பயிற்சி.

நடுவில் மடங்கும் கெட்டி பிளாஸ்டிக் பலகை, மூன்று துண்டாகக் கழற்றும் இரும்பு பார், கொக்கி வைத்த ரப்பர் டியூப்கள், கைப்பிடி, கணுக்கால் பட்டை, கதவில் மாட்டும் பட்டை. எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கும். டியூபைப் பலகைத் துளையில் மாட்டி, மேலே ஏறி நின்று பாரைத் தூக்கினால் டெட்லிஃப்ட். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தால் ஸ்குவாட். புதுச் சரக்கு போல விற்கிறார்களே தவிர யோசனை பழசு. அந்தக் காலத்துப் பிரபல பயில்வான் யூஜின் சாண்டோ 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ரப்பர் கயிற்றுக் கருவி விற்றவர். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார்.

உடம்புக்கு வேலை கொடுக்கிறதா என்றால், கொடுக்கிறது. ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் ஒரே மாதிரி இல்லை. ரப்பர் நீள நீளத்தான் இறுகும். ஸ்குவாட்டில் எழுந்து நிமிரும் கட்டத்தில்தான் காலுக்குத் தெம்பு அதிகம். டியூபும் அங்கேதான் கனக்கும். இரண்டும் பொருந்திப் போகும். தண்டாலும் ஷோல்டர் பிரஸ்ஸும் அப்படியே. முதுகுக்குப் பின்னால் டியூபைச் சுற்றிக்கொண்டு தண்டால் எடுத்துப் பாருங்கள், பத்தைத் தாண்டுவதற்குள் கை நடுங்கும். ரோயிங்தான் நேர்மாறு. கையை நெஞ்சுவரை இழுக்கும் கடைசிக் கட்டத்தில் முதுகுத் தசை பலம் குறைந்திருக்கும். சரியாக அந்த இடத்தில் டியூப் முரண்டு பிடிக்கும். அதற்கு ஒரு படி லேசான டியூபைப் போட்டு, கடைசியில் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்கிறேன். அட்டையில் போட்டிருக்கும் கிலோ கணக்கும் டியூபை முழுசாக நீட்டினால்தான் வரும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் முதலில் இப்படி இழுவிசைக் கருவிதான் இருந்தது. 2008-இல் அனுப்பிய அடுத்த கருவியில் வெற்றிட சிலிண்டர். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீரான கனம், 270 கிலோவரை வைக்கலாம். சரி, அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு அரூர் போக முடியாதே.

என் பெரிய குறை கதவுப் பட்டை மேல்தான். கருவியிலிருந்து இரும்பு எடையை எடுத்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் இழுக்கிற இழுப்பை எதுவோ ஒன்று தாங்கியாக வேண்டுமே. பலகை என்றால் நம் கால் தாங்குகிறது. கதவுப் பட்டை என்றால் யாரோ எப்போதோ மாட்டிய கீல் தாங்குகிறது. லாட்ஜ் கதவெல்லாம் மெல்லிய ஃப்ளஷ் டோர். எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டியபோது, "கீலுக்கு அரை இஞ்ச் ஸ்க்ரூ போட்டிருக்கான் சார், நீங்க அதுல மல்லுக்கட்டினா எப்படி நிக்கும்?" என்றார். கதவு நமக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும்; அப்போதுதான் நாம் இழுக்க இழுக்க அது நிலையோடு அழுந்தும். நம் ஊர் அறைக்கதவுகள் பெரும்பாலும் அறைக்குள் திறப்பவை. அப்படியானால் ஹாலிலோ லாட்ஜ் வராந்தாவிலோ நின்றுதான் இழுக்க வேண்டும். வராந்தாவில் பனியனோடு நின்று பயிற்சி செய்ய எனக்கு மனசில்லை. இதை எந்தக் கையேட்டிலும் தெளிவாகப் போடுவதில்லை. ராண்டி ஹெட்ரிக் என்ற அமெரிக்கக் கடற்படை கமாண்டோ பாராசூட் பட்டையை வைத்து உருவாக்கிய தொங்கு பட்டைக்கும் இதே கதைதான். பட்டை அறாது, மாட்டுகிற இடம்தான் சந்தேகம்.

அடுத்து ரப்பர். எங்கள் தொழிலில் லேட்டரல் பைப், அதாவது செடி வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய், கருப்பாக இருப்பதற்குக் காரணம் கார்பன் பிளாக் என்ற கரித்தூள். வெயிலின் புற ஊதாக் கதிரை அது தடுத்துவிடும். இந்த டியூப்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பார்க்க அழகு. ஆனால் இயற்கை ரப்பருக்கு வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. தர்மபுரி சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த பச்சை ஜோடி பிசுபிசுத்துப் போனது. இன்னொன்றில், டியூப் முனையை அடைக்கும் பிளாஸ்டிக் குண்டுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. நடுவில் எங்கும் இல்லை, சரியாக அந்தக் கழுத்தில்தான். மேலே துணி உறை போட்ட டியூப் அறுந்தால் முகத்தில் அடிக்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் உறைக்குள் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எனக்கு உறை இல்லாததே தேவலை. வாரம் ஒருமுறை இழுத்து வெளிச்சத்தில் பார்த்துவிடுவேன்.

பாரைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பைசெப்ஸ் எடுக்கும்போது மணிக்கட்டு திரும்பத் திரும்ப மரை தளரும். பிளம்பர் டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன், நின்றுவிட்டது. பலகை அகலம்தான் இன்னும் உறுத்துகிறது: தோள் அகலத்துக்குக் கால் வைத்து ஸ்குவாட் செய்ய நாலு விரற்கடை போதவில்லை. பையில் அடங்க வேண்டும் என்று குறுக்கியிருக்கிறார்கள், அது புரிகிறது. மூன்றாக மடித்திருந்தால் இதே பையில் அகலமான பலகையும் வந்திருக்கும். டைல்ஸ் தரையில் கொக்கிச் சத்தம் வேறு. கீழ் வீட்டு அக்கா, "விடிகாலையில மேல என்னப்பா அம்மி அரைக்கிறீங்க?" என்று கேட்ட பிறகு அடியில் சாக்கு விரிக்கிறேன்.

வாங்குகிறவர்கள் பலகைத் துளையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கூராக இருந்தால் டியூப் உரசி உரசியே தேய்ந்துவிடும். கொக்கி பொது அளவில் இருக்கட்டும். டியூப் போனால் முழு செட் வாங்க வேண்டியதில்லை, வேறு கம்பெனி டியூபை மாட்டிக்கொள்ளலாம். என் பலகையில் இப்போது இருக்கும் சிவப்பு ஜோடி அப்படி வாங்கியதுதான்.