பஸ் கராஜ் கட்ட மேற்பார்வைக்கென்று தனி ஆள் பிடித்தோம், காசு வீண்போகவில்லை

திருகோணமலையில் பஸ் ஓட்டும் முதலாளிமார் சிலர் சேர்ந்து சீனக்குடாப் பக்கம் சொந்தமாக ஒரு கராஜ் கட்டி முடித்திருக்கிறோம். கட்டியது ஒரு கொந்தராத்துக்காரர். அவர் கட்டுவதைக் கூடவே நின்று பார்த்தது வேறொரு சின்ன எஞ்சினியர் நிறுவனம். நான் எழுதுவது இந்த இரண்டாவது ஆட்களின் சேவையைப் பற்றி. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

கொந்தராத்துக்காரரிடமே எஞ்சினியர் இருக்கும்போது இன்னொருவருக்கு எதற்குச் சம்பளம் என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த எஞ்சினியருக்குச் சம்பளம் கொடுப்பவர் கொந்தராத்துக்காரர், அவர் யாருடைய பக்கம் பேசுவார்? கட்டுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. அதோடு மேற்பார்வைக்காரரை அத்திவாரம் வெட்டும்போது தேடாமல் ரெண்டர் கேட்பதற்கு முன்பே பிடிக்க வேண்டும். எங்களுக்கு விலை தந்தவர்களின் 'சீடா' பதிவை அவர்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த, கொந்தராத்துக்காரர்களைப் பதிந்து தரம் பிரிக்கும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபைதான் அது, பழைய ஆட்கள் இன்னும் முந்தைய பெயரில் 'இக்டாட்' என்றே சொல்வார்கள். சி1, சி2 என்று போகும் அந்தத் தரத்தில் இலக்கம் சிறிதாகச் சிறிதாகத்தான் பெரிய வேலை எடுக்கலாம். பதிவுக் காலம் முடிந்த சான்றிதழோடும் ஒருவர் வந்திருந்தார், நாங்களாக இருந்தால் பைலின் அழகைப் பார்த்து ஓம் என்றிருப்போம்.

கட்டடப் படத்திலும் கை வைத்தார்கள். கீறியவர் வீடு, கடை கட்டிப் பழகியவர், வாசலுக்குக் கிட்டவே ஒரு தூண் வைத்திருந்தார். மேற்பார்வைக்கு வந்த எஞ்சினியர் வெறுங்காணியில் சுண்ணாம்புத் தூளால் தூண், சுவர், வாசல் எல்லாவற்றையும் கோடு போட்டு, எங்கள் நீட்டு பஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, "அண்ணை, வழமையாகத் திருப்புகிற மாதிரியே திருப்புங்கோ" என்றார். முன்பக்கம் தப்பியது. ஆனால் பின் சில்லுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி வளைவில் வெளியே வீசிப்போய்த் தூண் கோட்டை ஒரு முழம் தாண்டியது. தூண் அன்றைக்கே இடம் மாறியது. கட்டின பிறகு தெரிந்திருந்தால் ஒவ்வொரு பஸ்ஸும் அந்த மூலையில் பெயின்ற்றை விட்டுவிட்டுத்தான் வெளியே வந்திருக்கும்.

இனிக் குழி. பஸ்ஸுக்குக் கீழே ஆள் நின்று வேலை செய்ய நாலரை, ஐந்து அடி ஆழத்தில் குழி வேண்டும், அது இல்லாத இடத்தைக் கராஜ் என்று சொல்லவே ஏலாது. இத்தனை காலமும் எங்கள் பெடியள் வீதியோரத்தில் காட்போட் மட்டையை விரித்துப் படுத்துக்கொண்டுதான் கியர்பொக்ஸ் கழற்றினார்கள். கடலுக்குக் கிட்ட இருக்கும் காணியில் மாரி காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கொந்தராத்துக்காரர் சோழகக் காலத்தில், நிலம் காய்ந்து கிடக்கும்போது வந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சுவர் எழுப்பிப் பூசினால் போதும் என்றார். மேற்பார்வைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மாரியில் சுற்றிவரத் தண்ணீர் ஏறினால் வெறுங்குழியை அந்தத் தண்ணீரே கீழிருந்து மேலே தள்ளும், தளம் வெடிக்கும், ஊறும் என்று படம் போட்டு விளக்கினார். கடைசியில் கிரவல் கொட்டி முழுத் தரையையும் உயர்த்தினோம், குழியின் அடித்தளத்தைத் தடிப்பாக்கிச் சுவருக்கு வெளியேயும் நீட்டினோம், மேலே இருக்கும் மண்ணின் பாரமே அதைப் பிடித்து வைத்திருக்கும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் பட்டி வைத்தார்கள், மூலையில் பம்ப் வைக்க ஒரு சின்னக் கிடங்கும் விட்டார்கள். செலவு கூடியதுதான், ஆனால் அடுத்த மாரியில் நான் இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.

கொங்கிறீட் போட்ட அன்று நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சீமெந்து ஆலை சீனக்குடாவிலேயே இருக்கிறது என்பதற்காக நல்ல கொங்கிறீட் தானாக வந்துவிடாது. வெயிலில் லொறி காத்து நின்றதும் இலகுவாக ஊற்றுவதற்காகச் சாரதி தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மேற்பார்வைக்கு நின்ற ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) தம்பி உடனே, தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்க ஒரு அடி உயரக் கூம்பை எடுத்து, கொங்கிறீட்டை மூன்று தட்டாக நிரப்பி, ஒவ்வொரு தட்டையும் 25 தரம் கம்பியால் குத்தி, மெல்லத் தூக்கினார். கஞ்சி மாதிரி அப்படியே பரவிவிட்டது. லொறியைத் திருப்பி அனுப்பினார். கொந்தராத்துக்காரர் சத்தம் போட்டார், எங்களில் சிலரும் "விடுங்கோ தம்பி, ஒரு லொறிதானே" என்றார்கள், அவர் அசையவில்லை. கம்பிக்குக் கீழே சின்னக் கட்டை வைத்திருந்ததையும் கழற்றச் சொல்லி, கம்பியைச் சுற்றிக் கொங்கிறீட் தடிப்பாக மூடுகிற மாதிரி 50 மில்லிமீற்றர் கட்டை போடவைத்தார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீட் பாளம் பாளமாகக் கழன்று தொங்கும் கட்டடங்களை எங்கள் ஊர்க் கடற்கரையோரம் யாரும் பார்க்கலாம்.

கழிவு ஒயில், கழுவும் தண்ணீர் விஷயத்திலும் விடாப்பிடியாக நின்றார்கள். ஒயில் மேலே மிதந்து தங்க, சேறு கீழே படிய, தண்ணீர் மட்டும் போகிற மாதிரி மூன்று அறைத் தொட்டி. சுற்றாடல் அனுமதிப்பத்திரத்துக்கும் அது தேவை. அதைவிட, கானில் ஊற்றினால் போய்ச் சேரும் இடம் எங்கள் குடாதானே.

கட்டணத்தை மொத்தச் செலவில் இத்தனை வீதம் என்றுதான் முதலில் கேட்டார்கள். செலவு கூடக்கூட அவர்களுக்கும் கூடும் என்றதால் நாங்கள் மறுத்தோம். மாதச் சம்பளம் என்றால் வேலை இழுபட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அத்திவாரம், குழி, தூண், கூரை என்று கட்டம் கட்டமாகப் பேசி முடித்தோம், இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது.

குறைகள். அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது, எங்களில் பலர் வாசிக்காமலேயே கையெழுத்து வைத்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் வட்ஸ்அப்பில் படங்களோடு தமிழில் ஒரு பக்கம் அனுப்பத் தொடங்கினார்கள். பில் சரிபார்க்கத் தாமதித்ததால் கொந்தராத்துக்காரர் ஒருமுறை ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெரிய குறை மின்சாரம்: கொம்பிரசருக்கும் வெல்டிங்குக்கும் த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும் என்பது படத்தில் இருந்தும், அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் அவர்களிடம் ஒருவரும் இல்லை. பிழையாகப் போட்ட வயரை மாற்றிப் போட எங்கள் கையிலிருந்து காசு போனது, இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

வேலை முடிந்த பிறகும் அவர்கள் தேவை. குறை வந்தால் திருத்த வைக்கவென்று கொந்தராத்துக்காரரின் பில்லில் பிடித்து வைத்த காசில் பாதியைத்தான் கட்டடம் கையளிக்கும்போது விட்டோம், மீதி குறைதீர்க்கும் ஒரு வருடம் முடிந்த பிறகு. கூரையில் ஆணி அடித்த இடத்தில் ஒழுகியதும் ரி.ஓ. தம்பி ஏறிப் பார்த்துக் கடிதம் போட்டார், கொந்தராத்துக்காரர் வந்து திருத்திவிட்டுப் போனார். அடுத்ததாகப் பஸ் கழுவும் இடம் கட்டுகிறோம். மேற்பார்வை இதே ஆட்கள்தான், மின்சார வேலையைப் பார்க்க மட்டும் வேறு ஆள் தேடுகிறோம்.