உதயகிரிக் கோட்டையைக் காட்டும் ஆட்டோ அண்ணாச்சி: நம்பிப் போகலாமா?

குமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து குளச்சல், உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை என்று அரைநாள் சுற்றிக் காட்டுகிற ஆட்டோ அண்ணாச்சி ஒருவரைப் பற்றிச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் அவர் சொல்வதில் ஒரு பகுதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அது எது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டோவுக்கு 1,200 ரூபாய். நுழைவுச்சீட்டு, சாயா, ரசவடை எல்லாம் நம் கணக்கு. காலையில் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார், ஸ்கூல் சவாரி முடித்துவிட்டு வருகிறவர் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன்னால் ஒரு டிராவல்ஸ் வேனில் போனபோது, புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிற கோட்டையை ஜன்னல் வழியாகக் கை காட்டிவிட்டு நேராக அரண்மனைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். இவர் அப்படி இல்லை. கோட்டைதான் இவருக்கு உயிர்.

குளச்சலில் வெற்றித்தூண் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி 1741 சண்டையைச் சொல்கிறார். மிளகு வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து வந்து இறங்கிய டச்சுக் கம்பெனிப் படை, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது, பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய் அதே ராஜாவுக்குப் படை பழக்கிக் கொடுத்து ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனது, இதெல்லாம் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த கதைதான். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு, பிடிபட்ட ஒரு வெளிநாட்டுக்காரனிடம் ஒரு ராஜா தன் படையையே எப்படி ஒப்படைத்தார் என்று அவர் கேட்கிற விதத்தில் என் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் போனைக் கீழே வைத்துவிட்டன. அப்புறம் அங்கேயே ஒரு கடையில் மரச்சீனியும் மீன்கறியும், அதை விட்டுவிடாதீர்கள்.

கோட்டைக்குள்ளே, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற அந்தச் சின்னக் கோயிலில்தான் டிலனாயின் கல்லறை. எழுத்து தேய்ந்திருக்கிறது, சும்மா பார்த்தால் கல்தான் தெரியும். அண்ணாச்சி பையிலிருந்து டார்ச்சை எடுத்து, கல்லின் ஒரு ஓரத்தில் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்கிறார், உடனே ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரி வரியாகத் தெரிகிறது. லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்கி, ஏறக்குறைய 37 வருஷம் திருவிதாங்கூர்ப் படையை நடத்தியவர், காயங்குளத்திலிருந்து கொச்சி வரைக்கும் ராஜாவுக்குக் கீழே கொண்டுவந்தவர், 62 வருஷமும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1-ஆம் தேதி இறந்தவர் என்று போகிறது அந்த வாசகம். “தொடாம பாருங்க மக்களே, இது நம்ம கையில இருக்குற கடைசிக் கையெழுத்து” என்றார். அந்த இடத்தில் அவர் அவசரப்படுத்தவே இல்லை. பக்கத்தில் மனைவி, மகன் கல்லறைகளும் உண்டு, மகன் களக்காட்டுச் சண்டையில் இறந்தவன், சின்ன வயசு. மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை டிலனாயோடு பழகித்தான் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பதையும், 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதையும் இங்கே நின்றுதான் சொன்னார். கேட்கிறவர் எந்த மதம் என்று பார்க்காமல் ஒரே மரியாதையோடு சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த ஒரு உலக வரைபடத்தை எடுப்பார், மடித்து மடித்து ஓரமெல்லாம் வெளுத்துப்போனது. அதில் சிவப்பு மையில் வட்டங்கள். பிரான்சின் வடக்கே, ரூபே பக்கத்தில் லனாய் என்று ஒரு குட்டி ஊர், மொத்தப் பரப்பே 0.18 சதுர கிலோமீட்டர்தான். அந்த ஊர்ப்பெயர்தான் ‘டி லனாய்’ என்று குடும்பப்பெயர் ஆனது, நம் டிலனாயின் பெயரும் அதேதான். அந்தப் பெயரோடு சார்ல்ஸ் டி லனாய் என்பவர் நேப்பிள்ஸில் ராஜப்பிரதிநிதியாக இருந்தார், 1525-இல் பவியா சண்டையில் பிரெஞ்சு ராஜா சரணடைந்தது இவரிடம்தான். இன்னொருவர் பிலிப் டி லனாய், லெய்டனிலிருந்து கிளம்பி 1621-இல் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் அமெரிக்காவின் பிளிமத்தில் இறங்கினார். அங்கே பெயர் டெலனோ ஆனது. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டுக்கு நடுப்பெயர் அந்த அம்மாவழிக் குடும்பத்துடையது. அவர் பெயரில் 1945-இல் ஒரு விமானந்தாங்கிக் கப்பலே கடலுக்கு வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்கக் கப்பல்தளத்தில் ஜெட் விமானத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தது அதில்தான், 1977 வரை ஓடியது. கலிபோர்னியாவில் டெலனோ என்று ஊர், 1965-இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய ஊர். மின்னசோட்டாவில் ஒரு டெலனோ. யூட்டாவில் ஒரு மலைச்சிகரம்.

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் இவ்வளவையும் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார் என்றால் அந்த உழைப்புக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும். குறை எங்கே என்றால், இத்தனை வட்டங்களையும் ஒரே கோட்டில் இணைத்து, “ரூஸ்வெல்ட் நம்ம கப்பித்தானுக்கு வாரிசு முறை” என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டு போய் ஸ்கூலில் சொல்லும். பிலிப் அமெரிக்காவில் இறங்கியது 1621, நம்மவர் குளச்சலில் பிடிபட்டது 1741. ரூஸ்வெல்ட்டின் வழி பிலிப்பிடமிருந்து வருகிறது, உதயகிரியிலிருந்து இல்லை. ஊர்ப்பெயரைச் சுமப்பவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்களா என்ன? நம் பக்கத்தில் வீட்டுப்பெயர் ஒன்றாக இருந்தாலே முதலில் எந்த ஊர், எந்தத் தறவாடு என்று விசாரிப்போம் இல்லையா, அந்த விசாரணை இங்கேயும் வேண்டும்.

இதை அவரிடமே சொன்னேன். மான்ட்கோமரி என்ற நார்மன் பெயரைத்தான் உதாரணம் காட்டினேன், பிரான்சின் நார்மண்டியில் ஒரு கிராமத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் அலபாமாவில் மான்ட்கோமரி நகரம் 1775 கடைசியில் கியூபெக்கில் செத்த ரிச்சர்ட் மான்ட்கோமரியின் பெயரில் இருக்கிறது, ஆனால் அந்த நகரம் இருக்கிற மான்ட்கோமரி மாவட்டம் லெமுவல் மான்ட்கோமரி என்ற வேறொரு ஆளின் பெயரில் இருக்கிறது! பாகிஸ்தான் பஞ்சாபின் சாஹிவால் ஊருக்கும் முன்பு மான்ட்கோமரி என்றுதான் பெயர், அது ராபர்ட் மான்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட் கவர்னரை வைத்து. நம் பால்பண்ணைக்காரர்கள் பேசுகிற சாஹிவால் மாடு அந்த ஊர் மாடுதான். அந்த ரிச்சர்ட் பெயரிலேயே ஒரு சரக்குக் கப்பலும் உண்டு, 1944 ஆகஸ்டில் தேம்ஸ் முகத்துவாரத்தில் தரைதட்டி உடைந்து, சுமார் 1,400 டன் வெடிபொருளோடு இன்னும் அங்கேயே கிடக்கிறது, மூன்று கொடிமரமும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். பெயர் ஒன்று, ஆட்கள் வேறு வேறு.

அண்ணாச்சி கோபப்படவில்லை. “அப்போ இணைச்ச கோடுகள அழிச்சுட்டு வட்டத்த மட்டும் வச்சுக்கலாமா அக்கா?” என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளலாம், வட்டங்களே போதும், அதுவே அவ்வளவு சுவாரசியம். அந்த வெடிபொருள் கப்பலின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அடுத்து போகிறவர்களிடம் எப்படிச் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அரண்மனையில் அவர் உள்ளே வருவதில்லை, வெளியே காத்திருப்பார். டிலனாய் சரணடைகிற ஓவியத்தை மட்டும் மறக்காமல் பார்க்கச் சொல்லி அனுப்புவார், அதைத் தேடிப் பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்றைக்கு வண்டி பேசாதீர்கள். வயசானவர்களை அழைத்துப் போனால் கோட்டைக்குள் நடக்கிற தூரம் ஜாஸ்தி, மெதுவாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் குளச்சலைக் கடைசியில் வைத்துக்கொள்வார். பேசின காசுக்கு மேலே ஒரு ரூபாய்கூட அவர் கேட்கவில்லை, நான்தான் கூட வைத்துக் கொடுத்தேன்.