துண்டு யானை வராத இரவு

இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்கு வந்தால் கட்டிலின் நடுவில் ஒரு யானை உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் துண்டைச் சுருட்டி மடித்து, தும்பிக்கையைத் தூக்கிவிட்டு, மேசையில் நான் வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை அதற்கு மாட்டிவிட்டிருப்பார் அறைப் பணியாளர். 2008இல் முதல் முறையாக உல்லாசக் கப்பலில் போனபோது அம்மா அந்த யானையைக் கலைக்க விடவில்லை. குளிக்கத் துண்டு வேண்டுமே என்றேன். "பிள்ளையாரைக் கலைத்துவிட்டா குளிக்கப் போகிறாய்?" என்றார். மூன்று இரவில் யானை, குரங்கு, அன்னம் என்று அறையே உயிரியல் பூங்காவாகிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே 2024 பிப்ரவரியில் பேத்தியைக் கப்பலேற்றினேன். நான்கு இரவும் யானை வரவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு துண்டைச் சுருட்டிக் கட்டிலில் வைத்தாள். யானை என்றாள். எனக்கு நத்தையாகத்தான் தெரிந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே 16 ஆண்டுகள், மொத்தம் நான்கு பயணங்கள், மூன்று நிறுவனங்கள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் யோக்கியம் என்று ஆகிவிடும். எல்லாமே சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் பயணங்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கிறவன் ராத்திரி பஸ் பிடித்து சிங்கப்பூர் போய், பணம் கட்டிக் கப்பலேறி, பினாங்கைச் சுற்றிப் பார்க்க வருகிறானே என்று என் மைத்துனர் இன்றுவரை சிரிக்கிறார். சிரிக்கட்டும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். சரக்குக் கப்பல்களின் காகிதங்களையே பார்த்துக் காலம் போனவனுக்கு, பயணியாக ஒரு கப்பலில் ஏற வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

அம்மாவின் நிலை வேறு. அவர் 1953இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்டு 1973வரை நம் ஆட்களைச் சுமந்த கப்பல் அது. தளத்தில் வந்தவர்களுக்கு அறை ஏது, கட்டில் ஏது? தகரப் பெட்டியை வைத்துப் பாயை விரித்த இடம்தான் வீடு. அப்படி வந்தவருக்கு 55 ஆண்டுகள் கழித்து ஒரு பணியாளர் நாற்காலியை இழுத்துவிட்டு, சலவை செய்த கைக்குட்டையை மடியில் விரித்தார். அம்மா என்னைத்தான் பார்த்தார், இதற்கு என்ன விலை என்று கேட்கிற பார்வை. கோவாவைச் சேர்ந்த அந்தப் பணியாளர் முதல் இரவு அம்மா மீனோடு படும் பாட்டைக் கவனித்திருக்கிறார். இரண்டாம் இரவு தட்டை வைப்பதற்கு முன்பே முள்ளெடுத்து, சதையை மட்டும் அடுக்கிக் கொண்டுவந்தார். மூன்றாம் இரவு நாங்கள் உட்காரும்போதே அம்மா முன்னால் ஒரு குவளை வெந்நீர் இருந்தது. அம்மா ஐஸ் தண்ணீரைத் தொடாமல் ஒதுக்கிவைத்ததை அவர் பார்த்திருக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கப்பலையும் அந்த வெந்நீரை வைத்துத்தான் அளந்து வருகிறேன். அளவுகோல் நியாயமானதா என்று கேட்டால் பதில் இல்லை.

2013 பயணம் ஏறக்குறைய அதே தரம். சிங்கப்பூரில் மரினா பே கப்பல் முனையம் திறந்து ஓராண்டு ஆகியிருந்தது, வரிசை நீளமாக இருந்தது, கப்பலும் பெரிதாகியிருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை இரவே உணவக மேற்பார்வையாளர் வந்து, நாளை வெள்ளிக்கிழமை, உங்கள் மனைவிக்குச் சைவத்தில் என்ன செய்யச் சொல்லட்டும் என்று கேட்டார். மனைவி சாம்பார் என்றார். மறுநாள் சாம்பார் வந்தது. கொஞ்சம் இனித்தது, பூசணிக்காய்க்குப் பதில் ஏதோ வெளிநாட்டுக் காய் மிதந்தது. இருந்தாலும் அது சாம்பார்தான்.

2019இல் சில அறிகுறிகள் தெரிந்தன. துணிக் கைக்குட்டை இருந்த சில இடங்களில் காகிதம் வந்தது. முன்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்த உணவு வகைகளில் சில, தனிக்காசு கொடுக்கும் உணவகங்களுக்குக் குடிபோயின. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு 2020 மார்ச்சில் உலகம் முழுதும் இந்தக் கப்பல்கள் நின்றன. பல நிறுவனங்களுக்கு ஓராண்டுக்கு மேல் வருமானம் இல்லை. ஆனால் நிறுத்திவைத்த கப்பலுக்கும் மாலுமி வேண்டும், எண்ணெய் வேண்டும், துறைமுகத்துக்கு வாடகை வேண்டும். நம் மலேசியாவின் கெந்திங் குழுமம் 1993இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் கப்பல் நிறுவனத்தின் தாய் நிறுவனம், தன்னைக் கலைத்துவிடச் சொல்லி 2022 ஜனவரியில் நீதிமன்றத்தில் மனுவே கொடுத்துவிட்டது. தப்பித்த பெரிய நிறுவனங்கள் மலையளவு கடனோடு திரும்பின. அந்தக் கடனுக்கான வட்டி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பயணக் கட்டணத்தை ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள். ஆகவே எங்கள் பயணக் கட்டணம் கவர்ச்சியாகவே இருந்தது. கைதான் குறைந்துவிட்டது, துடைக்கிற கை, பரிமாறுகிற கை.

2024இல் அறைக்குள் நுழைந்ததும் ஓர் அட்டையைப் பார்த்தேன். அறையைச் சுத்தம் செய்வது நாளுக்கு ஒரு முறை, காலையா மாலையா என்று தேர்ந்தெடுங்கள் என்றது. முன்பெல்லாம் காலையில் ஒரு முறை, நாம் சாப்பிடப் போயிருக்கும்போது மாலையில் ஒரு முறை. 2022, 2023 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாலை வேளையை நிறுத்தின. யானை பிறந்தது அந்த மாலை வேளையில்தான்.

எங்கள் அறைப் பணியாளர் தூத்துக்குடிப் பையன். முதல் நாள் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். மனைவி பேத்தியைத் தமிழில் அதட்டியதைக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. அன்றிலிருந்து நான் அண்ணாச்சி, மனைவி அக்கா. துண்டு யானை செய்யத் தெரியாதா தம்பி என்று விளையாட்டாகக் கேட்டேன். "தெரியும் அண்ணாச்சி, பதினாறு உருவம் தெரியும்" என்றார். பிறகு கதவைத் திறந்து நடைவழியைக் காட்டினார். முன்பு இரண்டு பேர் சேர்ந்து பார்த்த அறைகளை இப்போது அவர் தனியாகப் பார்க்கிறார். அந்தப் பக்கத்துத் தீயணைப்புக் கருவி வரைக்கும் தன்னுடையது என்றார். தீயணைப்புக் கருவி எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்து, எல்லா அறையும் நிரம்பினால் 100 சதவீதம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது கட்டிலையும் இறக்கிவிடுவார்கள். அப்போது கப்பல் 100 சதவீதத்தைத் தாண்டி நிரம்பும். 2024இல் அமெரிக்காவிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கணக்கில் 5,610 பயணிகள், முழுக்க நிரப்பினால் 7,600 வரை. பணியாளர்கள் 2,350. கட்டில் இறங்குகிற அளவுக்குப் பணியாளர் ஏறுவதில்லை. நாங்கள் போனதும் பள்ளி விடுமுறை. எங்கள் மூவரின் ஈரத் துண்டுகளையும் அந்த ஒரு பையன்தான் அள்ள வேண்டும்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் ஒன்று செய்தார்கள். பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு. நல்லதுதான். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம் என்பதை நினைவில் வைத்து, ஓய்வைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள். அந்தப் பையனிடம் யானை கேட்டதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். மேசையில் உணவுப் பட்டியல் இல்லை, கட்டம் போட்ட ஒரு குறியீடு ஒட்டியிருந்தது. கைப்பேசியில் அதைப் படமெடுத்தால் பட்டியல் வரும். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் இரவு யாரும் வந்து கேட்கவில்லை. இந்திய சைவம் என்ற வரியைத் தொட்டால் பனீர் மசாலா வந்தது. மறுநாள் வேறொரு பெயரைத் தொட்டோம். அதே பனீர், குழம்பு மட்டும் பச்சை. பரிமாறிய பெண் நல்லவர், ஓடிக்கொண்டே சிரித்தார். நான்கு நாளில் எங்கள் மேசைக்கு மூன்று பேர் மாறினார்கள். இந்த நிலையில் எந்தக் கிழவிக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது என்பது யாருக்குத் தெரியப் போகிறது?

இதற்கிடையே சேவைக் கட்டணம். அப்போது பெரிய கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர்வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். எங்களுக்கு 16 டாலர். மூன்று பேர், நான்கு இரவு, 192 டாலர். ரிங்கிட் ஒரு டாலருக்கு 4.80 வரை சரிந்த மாதம் அது. 900 ரிங்கிட்டுக்குமேல் போயிற்று. யானை இருந்த காலத்தில் இதைவிடக் குறைவாகக் கொடுத்தோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முன்பு கப்பல் புறப்படுமுன் மிதவைச் சட்டையோடு வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பார்கள். இப்போது கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, நமக்குரிய இடத்தில் போய் முகத்தைக் காட்டினால் போதும். ஏறும் வரிசை வேகமாக நகர்கிறது. குளியலறை பளிச்சென்று இருந்தது. பேத்திக்கு நீர்ச்சறுக்கு, நாடகம், எந்நேரமும் ஐஸ்கிரீம். கப்பல் எப்படி என்று கேட்டால் கண்ணை உருட்டி 'பத்துக்குப் பத்து' என்கிறாள். அவளுக்கு யானை ஒரு கதைதான், இழப்பு இல்லை.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் வந்து நின்ற காலை, பஃபே வரிசையைப் பார்த்துவிட்டு மனைவி, இறங்கி நம் ஊரிலேயே பசியாறலாம் என்றார். விக்டோரியா மகாராணிக்காகக் கட்டிய 60 அடி மணிக்கூண்டைத் தாண்டி, பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. வழக்கமான கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, இந்த நேரத்தில் இந்தப் பக்கம்?" என்றார். கப்பலில் வந்தோம் என்றேன். பட்டர்வொர்த் ஃபெர்ரி என்று நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. சீனி குறைத்த என் தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் தேநீர், வந்தது. மனைவி பக்கத்துக் கடையில் முத்திரை பிரிக்காத ஊறுகாய்ப் பொட்டலம் இரண்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுச் சமையலைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள், கடைப் பொட்டலத்தை எங்களிடம் தடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். சுத்தம் செய்ய மாலை வேளையைத் தேர்ந்தெடுங்கள், படுக்கப் போகும்போது அறை அறையாக இருக்கும். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள், ஏறிய அன்றே நேரில் ஒருமுறை சொல்லுங்கள். அறைப் பணியாளருக்குத் தனியாகக் கையில் ஏதாவது கொடுங்கள். கணக்கில் ஏறும் பணம் எத்தனை பேருக்குப் பிரிகிறது என்பது நமக்குத் தெரியாது.

கடைசி இரவு தூத்துக்குடித் தம்பி தயங்கித் தயங்கி வந்தார். நாளை உங்களுக்கு ஒரு திருப்திக் கருத்துப் படிவம் வரும் அண்ணாச்சி, பத்துக்குக் குறையாமல் போடுங்கள் என்றார். எட்டு போட்டால்கூடக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். பள்ளியில் எட்டு வாங்கினால் எங்கள் காலத்தில் மிட்டாய் கொடுப்பார்கள். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2003இலிருந்து பல தொழில்களில் பரவிய கணக்குமுறை ஒன்று உண்டு. 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் இரண்டு பக்கமும் சேரமாட்டார். ஆறும் அதற்குக் கீழும் போட்டவர் எதிராளி. இதில் உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வது கப்பல் முதலாளி அல்ல, பதினாறு உருவம் தெரிந்தும் ஒன்றும் செய்ய நேரமில்லாத அந்தப் பையன்.

படிவம் பஸ்ஸில் திரும்பும்போது வந்தது. அறை, 10. பணியாளர், 10. உணவு என்ற கேள்வியில் விரல் ஐந்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. உணவுக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், ஓடிக்கொண்டே சிரித்த பெண்ணுக்குச் சம்பந்தம் உண்டு. பத்தைத் தட்டினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி கேட்டார்:

"பனீருக்கும் பத்தா?"

பனீருக்கும் பத்துதான்.