கிளாஸ்டன்பரி இடிபாடு: ஆர்தர் கல்லறையைத் தாண்டினால்தான் விஷயமே இருக்கிறது

இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள கிளாஸ்டன்பரி மடம் பெனடிக்டின் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையுடையது. அங்கே, பழங்கதைகளில் வாழும் ஆர்தர் மன்னனின் கல்லறையைப் பார்க்கவென்றே டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். புல்தரையில் கல் விளிம்பு கட்டிய ஒரு செவ்வகம், பக்கத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். பலகையை நிதானமாகப் படியுங்கள். 1191-இல் ஆர்தர், அவருடைய அரசி ஆகியோரின் உடல்கள் ‘கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 1278-இல் எட்வர்ட் மன்னர் முன்னிலையில் எலும்புகளைக் கறுப்புப் பளிங்குக் கல்லறைக்கு மாற்றிய இடம் இது. துறவிகள் முதலில் தோண்டியது வேறு இடத்தில், மேரி சிற்றாலயத்துக்குத் தெற்கே.

தோண்டிய நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1184-இல் தீ மடத்தைத் தின்றது. மறுகட்டுமானத்துக்குப் பணம் தந்த இரண்டாம் ஹென்றி மன்னர் 1189-இல் இறந்துவிட்டார். மடத்துக்குப் புதிய வருமானம் தேவைப்பட்ட நேரம். இரண்டே வருடத்தில் ஆர்தர் ‘கிடைக்கிறார்’! 1950, 60-களில் இங்கே அகழாய்வு செய்த ராலி ராட்ஃபோர்ட், அந்தத் துறவிகள் தோண்டிய குழியையே கண்டுபிடித்ததாகச் சொன்னார். ரெடிங் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டா கில்கிரிஸ்ட் குழு பழைய களக்குறிப்புகளையும் பொருள்களையும் மறுபடி ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. அந்தக் குழியில் இருந்தவை 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான கலப்புப் பொருள்கள். கல்லறைத் தோட்டத்தில் திரும்பத் திரும்பத் தோண்டி மூடிய மண்ணில் இப்படித்தான் ஆகும். ஒரு குழியை ஒரு வருடத்தோடு முடிச்சுப் போட முடியாது.

அதே மறு ஆய்வு கொடுத்த பரிசு, கண்ணாடி உலைகள். 1950-களில் தோண்டியபோது பிந்திய சாக்சன் காலம் (ஏறத்தாழ 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) என்று ஒதுக்கப்பட்டவை, கார்பன் காலக்கணிப்பில் ஏறத்தாழ கி.பி. 700-க்குப் போய்விட்டன. வெசெக்ஸ் நாட்டு இன்னே மன்னர் இங்கே கல் தேவாலயம் கட்டியதாகச் சொல்லப்படும் காலத்தை ஒட்டியது அது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த ஆம்போரா எனும் இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகளும் அடையாளம் காணப்பட்டன. மடம் வருவதற்கு முன்பே, 5, 6-ஆம் நூற்றாண்டுகளில், இங்கே ஆள் நடமாட்டம் இருந்ததற்கு அவை சாட்சி. என்னைக் கேட்டால் ஆர்தரைவிட அந்த ஓட்டுச்சில்லுகள் பெரிய செய்தி.

ஆகவே நுழைந்தவுடன் இடிபாட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் அருங்காட்சியகம். மடம் முழுதாக இருந்தபோது எப்படி இருந்தது என்ற மாதிரியை மனதில் பதித்துக்கொண்டால்தான் வெளியே நிற்கும் இரண்டு பிரம்மாண்டத் தூண்கள் எந்த வளைவின் மிச்சம் என்பது புரியும். மற்ற கல்லெல்லாம் எங்கே? 1539-இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்த பிறகு, ஊருக்கே இதுதான் கல் குவாரி.

அடுத்து மேரி சிற்றாலயம். தீக்குப் பின் இரண்டே ஆண்டில், 1186-இல் அர்ப்பணிக்கப்பட்டது. தரை கிடையாது, 1500-ஐ ஒட்டி அடியில் குடைந்த நிலவறை அப்படியே திறந்து கிடக்கிறது. வடக்கு வாசல் வளைவில் இயேசு பிறப்புக் கதை நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வடக்குப் பார்த்த சுவர் என்பதால் வெயில் நேரே விழாது, உருவங்கள் தட்டையாகத் தெரியும். சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மடிப்புகள் எழுந்து வரும். பிறகு தெற்கு வாசலுக்குப் போங்கள். அங்கே ஆதாம் ஏவாள் கதையில் ஓரிரு வட்டச் சிற்பங்களோடு உளி நின்றுவிட்டது, மீதி வெறும் கல். பாதியில் விட்ட வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

கிழக்குக் கோடி எட்கர் சிற்றாலயத்தில் புல்லில் பதித்த கோடுகள் மட்டுமே. 1908 முதல் இங்கே தோண்டிய பிளை பாண்ட், இறந்த துறவிகளின் ஆவிகள் வழிகாட்டியதாக 1918-இல் அறிவித்துப் பிறகு வேலையை இழந்தார். அவர் வரைந்த கோடுகளைச் சற்று ஐயத்தோடே பாருங்கள்.

14-ஆம் நூற்றாண்டு மடாதிபதி சமையலறையைக் கடைசிக்கு வையுங்கள். கூரையோடு முழுதாக நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே எண்கோணம். காரணம், நான்கு மூலையையும் அடுப்புகள் எடுத்துக்கொண்டன. நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: கூரை உச்சியில் புகையும் வெக்கையும் வெளியேற வைத்த கூண்டு தெரியும். இந்தச் சமையலறையின் கடைசி எஜமான் ரிச்சர்ட் வைட்டிங். அவரை 1539 நவம்பர் 15 அன்று ஊருக்கு மேலே தெரியும் டோர் குன்றில் தூக்கிலிட்டார்கள்.