தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர் என்று கரையாத ரோலை அனுப்பிவிட்டார்கள், 3,400 போச்சு

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாளிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூல் கிண்ணம், அதாவது துணியே இல்லாமல் வெறும் நூலையே தைத்துக் கிண்ணமாக்குவது, செய்கிறவர்களுக்குத் தெரியும். கரையும் ஸ்டெபிலைசர் என்பது தைக்கும்போது நூலைத் தாங்கிப் பிடித்து, தண்ணீரில் போட்டால் கரைந்துபோகும் தாள். அதில் இரண்டு தாளுக்கு நடுவே துண்டு நூல், உல்லன், பட்டுச் சில்லு எல்லாம் பரப்பி, மிஷினில் துணியை நகர்த்தும் பல்லை (ஃபீட் டாக்) இறக்கி, எந்தப் பக்கமும் நகர்த்தித் தைக்க விடும் டார்னிங் ஃபுட் மாட்டிக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையல் கோடும் இன்னொன்றைக் கடந்து போகணும், இல்லாவிட்டால் தாள் கரைந்ததும் எல்லாம் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். அப்புறம் தண்ணீரில் அலசி, கரைந்த தாளின் பசை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கவிழ்த்த ஒரு கிண்ணத்தின் மேல் போர்த்திக் காயவிட வேண்டும். அந்த மிச்சப் பசைதான் விறைப்பு. தாள் கரையவில்லை என்றால் கிண்ணமே இல்லை.

கண்ணாடி மாதிரி இருக்கும் ஃபிலிம் வகை எனக்கு ஒத்துவராது, நெருக்கமாகத் தைத்தால் கிழிந்துவிடும். துணி மாதிரி இருக்கும் வகைதான் வேண்டும். கைவினைப் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஒருவர் அதை ரோலாக வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்காமல் வாங்கவில்லை. "நிஜமாகவே கரையுமா?" என்று கேட்டேன். தம்ளரில் ஒரு துண்டைப் போட்டு, ஸ்பூனால் கலக்கி, அது வழவழவென்று காணாமல் போவதை வீடியோ எடுத்தே அனுப்பினார். "நானும் இதுலதான் தைக்கிறேன் சிஸ்டர், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க." அந்த 'நானும் தைக்கிறேன்' என்பதில்தான் விழுந்தேன். 3,400 கட்டினேன்.

ரோல் ஜிப் கவரில் வந்தது, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வேறு. நிஜ ஸ்டெபிலைசர் ஈரக்காற்றுப் பட்டாலே கெட்டுவிடும் என்பதால், அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் மிச்ச சந்தேகமும் போனது. எல்லாருக்கும் ஓரத்தை வெட்டிச் சோதிக்கச் சொல்கிற நான், சோதிக்கவில்லை.

ஒன்பது நாள் தைத்தேன். சிவப்பும் பொன்னிறமும் கலந்த இலை வேலை, ஆறு பாபின் தீர்ந்தது. வாளியில் போட்டேன். நனைந்தது, அவ்வளவுதான். விரலால் தேய்த்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி வழுக்கணும். இது ஈரத்துணியாகவே இருந்தது. வந்தது சாதாரண நான்-வோவன் (நெய்யாத துணி), காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற, தையல்காரர்கள் சொல்கிற பேப்பர் கேன்வாஸ். காய்ந்திருக்கும்போது கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேட்டால் முதலில் "வெந்நீர்ல போடுங்க" என்றார். வெந்நீரில் மட்டும் கரையும் வகையும் உண்டு என்பதால் நம்பித் தொலைத்தேன். சிவப்பு நூல் சாயம் விட்டு, பொன்னிற இலைகள் எல்லாம் ரோஸ் ஆனதுதான் மிச்சம். அடுத்து "ராத்திரி முழுக்க ஊறட்டும்." காலையில், "நீங்க நெருக்கமா தைச்சுட்டீங்க, தண்ணி உள்ளே போக வழியில்லை." சரி என்று ரோலில் இருந்து வெறும் துண்டை வெட்டி, தம்ளரில் போட்டு, ஸ்பூனால் கலக்கி, அவர் அனுப்பிய மாதிரியே வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தால், பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படிக் கரைத்துப் பார்ப்பது? அதற்குப் பதில் சொல்லாமல் 'தீர்வு காணப்பட்டது' என்று புகாரை மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்வு? 3,400 என்னுடையது.

நல்ல ஸ்டெபிலைசரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஈர விரலால் ஓரத்தைத் தொடுங்கள், பிசுபிசுவென்று ஒட்டணும். நகமளவு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் ஒரு தையல்கூடப் போடாதீர்கள். விற்கிறவர் அனுப்பும் வீடியோ எந்த ரோலில் எடுத்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

ரோலில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. 3,400 கொடுத்து வாங்கிய பேப்பர் கேன்வாஸ். சட்டைக் காலருக்கு யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.