'கார்னிவல் பேக்கேஜ்' என்று படம் காட்டினால் உடனே பணம் போடாதீர்கள்

போன மாதம் என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். திருவிழாக் கடைத்தெரு மாதிரி வேண்டும் என்று அடம் பிடித்தாள். இன்ஸ்டாகிராமில் ஒரு ஈவென்ட்காரர் கிடைத்தார். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட கூடாரம், விளையாட்டுக் கடைகள், குதித்து ஆடும் காற்றடைத்த கோட்டை, பஞ்சுமிட்டாய் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். முன்பணம் 25,000 ஜிபேயில் போட்டேன்.

நான்கு மணி விழாவுக்கு 4.40க்கு ஒரு குட்டியானை வண்டி வந்தது. இறங்கியவர்கள் இரண்டே பையன்கள். கூடாரம் எங்கே என்றால், கல்யாண வீட்டுச் சாமியானாத் துணியை விரிக்கிறார்கள். "அண்ணன் வேற ஃபங்ஷன்ல இருக்காருக்கா, எங்களுக்கு இதைத்தான் கொடுத்து விட்டாரு." வளையம் எறியும் விளையாட்டில் வளையம் பாட்டில் கழுத்திலேயே நுழையவில்லை. அதற்கு இப்போது சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாதது அந்தக் கோட்டை. எங்கள் குடியிருப்பில் பேவர் பிளாக் தரை, கோட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டும் முளை இறங்காது. அப்படியென்றால் மணல் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். அவர்கள் ஒரு கயிற்றை என் ஸ்கூட்டரில் கட்டினார்கள், மற்ற மூன்றும் சும்மா தொங்கின. உள்ளே எட்டுக் குழந்தைகள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்ததும் ஒரு மூலை ஒரு சாண் மேலே எழும்பியது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பள்ளி விழா ஒன்றில் இப்படிப்பட்ட கோட்டையைக் காற்று தூக்கி வீசி ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் செய்தி சட்டென்று நினைவுக்கு வர, கத்திக் கூப்பிட்டு எல்லோரையும் இறக்கினேன். மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பஞ்சுமிட்டாய் பளீரென்று ரோஸ் நிறத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியிலேயே தமிழ்நாட்டில் நிறம் சேர்த்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. என்ன கலர் என்று கேட்டேன், அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து வெறும் சர்க்கரை கொடுத்து வெள்ளையாகச் சுற்றச் சொன்னேன்.

மிச்சம் 13,000 கேட்டு ஈவென்ட்காரர் போனில் சத்தம் போட்டார். தரவில்லை. பையன்கள் என்ன செய்வார்கள் பாவம், அவர்கள் கையில் ஆளுக்கு ஆயிரம் கொடுத்தேன். மறுநாள் என் எண்ணை அவர் பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான். பில் இல்லை, என்னென்ன தருவார் என்று எழுதி வாங்கவும் இல்லை. அது என் தப்பு. அந்தக் கூடாரப் படத்தை கூகுளில் போட்டுத் தேடினால் ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் வந்து நிற்கிறது. முன்பணம் போடுவதற்கு முன்னால் தேடியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

நேற்று அதே படம் வேறு பெயருள்ள பக்கத்தில் விளம்பரமாக வந்தது. இப்போது விலை 32,000.