மெட்டல் டிடெக்டரோடு என்னென்ன வாங்க வேண்டும்: இங்கிலாந்து வயல்களில் பயன்படுத்திய அனுபவம்

மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய உலோகப் பொருள்களைக் கருவி வைத்துத் தேடும் மெட்டல் டிடெக்டிங்கைத் தொடங்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது எந்த டிடெக்டர் வாங்கலாம் என்றுதான். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மற்ற சாமான்களுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். மீதிப் பணத்துக்குக் கிடைக்கும் டிடெக்டர் போதும். கீழே ஏதோ இருக்கிறது என்று சத்தம் கொடுப்பதோடு டிடெக்டரின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பொருளை உடைக்காமல் வெளியே எடுப்பது, எடுத்த இடத்தைச் சரியாகக் குறித்து வைப்பது, வயலைப் பழையபடி விட்டுவிட்டு வருவது, இது எல்லாம் மற்ற சாமான்களின் கையில் இருக்கிறது.

நான் போவது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பக்கம், விவசாயிகள் அனுமதி கொடுத்த வயல்களுக்கு. கனமான களிமண், அதில் சக்கிமுக்கிக் கற்கள் ஏராளம். கோதுமை அறுத்து முடிந்த ஆகஸ்ட் கடைசியிலிருந்து அடுத்த விதைப்பு வரைதான் உழவு வயல்களில் நல்ல காலம். மற்ற மாதங்களில் மேய்ச்சல் நிலம். வேறு மண்ணில் தேடுபவர்களுக்குச் சில விஷயங்கள் மாறலாம், பெரும்பாலானவை மாறாது.

முதலில் வாங்க வேண்டியது பின்பாயிண்டர். கையடக்கமான ஒரு குச்சி, அதன் முனை உலோகத்தை நெருங்க நெருங்க அதிர்வும் சத்தமும் கூடும். நான் வைத்திருப்பது காரெட் நிறுவனத்தின் ப்ரோ-பாயிண்டர் ஏடி. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், ஒரு 9 வோல்ட் பேட்டரி, 20 அடி ஆழத் தண்ணீர் வரை தாங்கும். பல குளிர்காலங்களாக மழையிலும் சேற்றிலும் கிடந்தும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. நோக்டா, எக்ஸ்பி, மைன்லேப் நிறுவனங்களும் நல்ல பின்பாயிண்டர்கள் செய்கின்றன. இங்கே எது வாங்கினாலும் நூறு பவுண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்தக் காசு எதற்கு என்பது ஒரு ஈரமான களிமண் கட்டியைக் கையில் வைத்திருக்கும்போது புரியும். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் காலத்துப் பென்னி என்ற வெள்ளி நாணயம் ஒன்று சுமார் 1.4 கிராம்தான் இருக்கும். நம்மூர் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது, தகடு போல மெல்லியது. களிமண்ணுக்குள் அது மண் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குப் படாது. கட்டியை இரண்டாக உடைத்து, எந்தப் பாதியில் அதிர்கிறது என்று பார்த்து, அதை மறுபடி உடைத்து, கடைசியில் பெருவிரல் அளவு மண் மிஞ்சும்போது ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரியும். பின்பாயிண்டர் இல்லாமல் இதைத் தேடினால் விரலால் பிசைந்து பிசைந்து நாணயத்தை வளைத்துவிடுவோம், இல்லையென்றால் தோண்டும் கருவியின் முனையால் கீறிவிடுவோம். எழுநூறு வருடம் மண்ணில் பத்திரமாக இருந்ததற்கு அந்தக் கதி வரக் கூடாது.

அப்புறம் ஸ்பேட். நம்மூர் மண்வெட்டியை ஓங்கி வெட்டுவோம். இந்த வேலைக்கு அது ஆகாது. வேண்டியது காலால் மிதித்து நேராக இறக்கும், குறுகிய தகடு கொண்ட ஸ்பேட். தோட்டக் கடையில் கிடைப்பவை இந்தக் களிமண்ணில் கழுத்துப் பக்கம் வளைந்துவிடும். டிடெக்டிங்குக்கென்றே செய்த, கைப்பிடி முதல் முனை வரை ஒரே துண்டாகப் பற்றவைத்த ஸ்டீல் ஸ்பேட் வாங்குங்கள். பிளாக் ஏடா, எவல்யூஷன் என்ற பெயர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். துருப்பிடிக்காத எஃகு என்றால் களிமண் அவ்வளவாக ஒட்டாது, அதற்கே கூடுதல் விலை கொடுக்கலாம். சிக்னல் வந்த புள்ளியிலேயே குத்தாமல் ஒரு சாண் தள்ளி இறக்கி, அடியிலிருந்து நெம்பித் தூக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தில் இன்னும் கவனம் தேவை. புல்லை மூன்று பக்கம் ஆழமாக வெட்டி, நான்காவது பக்கத்தைக் கதவின் கீல் போல விட்டு மடக்கித் திறந்தால் வேர் காயாது. பொருளை எடுத்ததும் மண்ணைக் கொட்டி, மடக்கியதை மூடி, காலால் நன்றாக மிதித்துவிட வேண்டும். மூடாத குழியில் ஒரு பசுவின் கால் மாட்டினால் அத்தோடு அந்த அனுமதி போயிற்று. அடுத்து கேட்க வருகிறவருக்கும் கதவு சாத்தப்படும்.

அமெரிக்கக் காணொளிகளில் ரம்பப் பல் வைத்த கத்தி மாதிரியான ஒரு தோண்டும் கருவியை அடிக்கடி பார்க்கலாம். கருவி நல்லதுதான். ஆனால் இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மடங்காத கூர்முனைக் கருவியைத் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். வயலில் இருக்கும்போது காரணம் இருக்கிறது. திரும்பும் வழியில் அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குள் போனால் காரணம் இல்லை. வைத்திருந்தால் வயலை விட்டு வெளியே வந்ததும் கார் டிக்கியில் பூட்டிவிடுங்கள்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ‘காயில்’ (டிடெக்டரின் அடியில் இருக்கும், உலோகத்தை உணரும் வட்டத் தகடு) நகர்ந்துவிடும், சிக்னல் வந்த இடம் எது என்று தெரியாமல் போகும். ஒன்று வயர் வைத்தது, இல்லையென்றால் டிடெக்டர் நிறுவனமே தரும் தாமதம் குறைந்த வயர்லெஸ். காற்று வீசும் திறந்த வயலில், ஆழத்திலிருந்து வரும் மெல்லிய முனகல் ஸ்பீக்கரில் காதில் விழாது. அந்த மெல்லிய முனகல்களில்தான் பழைய பொருள்கள் அதிகம்.

இடுப்பில் கட்டும் பை இரண்டு அறை உள்ளதாக இருக்கட்டும். ஒன்று குப்பைக்கு. தோட்டாக்களின் பித்தளை அடிப்பகுதி, கேன் மூடி வளையம், அறுவடை இயந்திரம் துண்டு துண்டாக்கிய அலுமினியக் கேன், ஈயத் துண்டு, இவைதான் நாள் முழுக்க வரும். எதையும் வயலில் திரும்பப் போடாதீர்கள். எடுத்துப் போனால் அடுத்த முறை அதே சிக்னலுக்காக மறுபடி தோண்ட வேண்டாம், விவசாயிக்கும் நம்மேல் மதிப்பு வரும். நல்ல பொருள்களை இந்தப் பையில் போடக் கூடாது. மூடி இறுக்கமான சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஸ்பாஞ்ச், ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சின்ன ஜிப் கவர். இதற்கு ஐந்து பவுண்டுகூட ஆகாது.

ஜிப் கவரில் எழுத ஒரு பேனாவும் வேண்டும். காரணம், நான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கும் சாதனம்: இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ். தனிக் கருவி தேவையில்லை, செல்போன் செயலி போதும். பிரிட்டன் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு இடத்துக்கும் தரும் தேசியக் கட்ட எண்ணைப் பத்து இலக்கத்தில் காட்டும் செயலியாகப் பாருங்கள். ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம், எட்டு என்றால் 10 மீட்டர், பத்து என்றால் 1 மீட்டர். பொருள் வெளியே வந்த உடனே, குழியை மூடும் முன்பே, எண்ணைக் கவர்மேல் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினால் எட்டு இலக்கத்துக்குக்கூட நம்பிக்கை கிடையாது.

இங்கே 1997இலிருந்து நடந்துவரும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தில், நம்மைப் போன்றவர்கள் கண்டெடுக்கும் பொருள்களை வட்டார அலுவலர்கள் பார்த்து, படம் எடுத்து, பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். பதிந்து முடிந்ததும் பொருள் நம் கைக்கே திரும்பி வரும். தேய்ந்துபோன ஒரு ரோமானியச் செப்புக் காசு விலைக்குப் போகாது. ஆனால் ஒரே வயலின் ஒரு மூலையில் அப்படிப் பத்து வந்தால், அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள் என்று வரைபடம் சொல்லத் தொடங்கும். இடம் தெரியாத காசுக்கு அந்தக் குரல் கிடையாது.

இதற்குச் சஃபோக்கிலேயே பெரிய உதாரணம் ஹாக்ஸ்ன் என்ற கிராமம். 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போய், ரோமானியப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள் கிடைத்தன. எது எதன் பக்கத்தில் இருந்தது என்று பதிவானதால் அவற்றை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

சட்டத்தையும் சாமான் பட்டியலில்தான் சேர்ப்பேன். நில உரிமையாளர் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தனி அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழமையான, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த பொருளை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நாணயத்துக்கு விதி வேறு: ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது, சேர்ந்து கிடந்தவைதான் கணக்கு. டிடெக்டிங் தேசியக் கவுன்சிலில் உறுப்பினரானால் மூன்றாம் நபர் காப்பீடும் கிடைக்கும். அனுமதி கேட்கும்போது அந்த அட்டையைக் காட்டினால் விவசாயி பேசும் தொனியே மாறும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்த விதிகளை அப்படியே அங்கே பொருத்திவிட வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் சட்டம் வேறு தனி.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பூட்ஸில் ஸ்டீல் முனை இருந்தால் காயில் பக்கத்தில் வரும்போதெல்லாம் சத்தம் போடும், சாதாரண ரப்பர் பூட்ஸ் எடுங்கள். கெட்டியான கையுறை கட்டாயம். மண்ணில் உடைந்த கண்ணாடியும் முள்கம்பியும் நிறைய. காயில் கவர் போடலாம், ஆனால் உள்ளே மணல் புகுந்தால் பொய்ச் சத்தம் வரும், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். முட்டிக்குப் பேட் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அவசியம். கூடுதலான சின்னக் காயில் முதல் வருடத்தில் தேவையில்லை. பழைய வீடு இருந்த, ஆணி கொட்டிக் கிடக்கும் இடம் கிடைத்த பிறகு வாங்கினால் போதும். பெரிய காயில் நான் யாருக்கும் சொல்வதில்லை, கைதான் வலிக்கும்.

சுத்தம் செய்யும் திரவங்கள், மின்சாரப் பெட்டிகள் என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பழகிய கை நமக்கு. செப்புக் காசில் அதைச் செய்தால் மேலே படிந்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் உருவமும் போய்விடும். வெறும் காய்ச்சி வடித்த நீர், பொறுமை, அவ்வளவுதான். வயலில் வைத்து விரலால்கூடத் தேய்க்க வேண்டாம்.

காசு குறைவாக இருந்தால் ஸ்பேட், பை, ஹெட்ஃபோன் மூன்றையும் பழசாக வாங்கலாம். ஸ்பேடில் கழுத்துப் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்பாயிண்டரைப் பழசாக வாங்குவதாக இருந்தால் பேட்டரி மூடியைத் திறந்து ரப்பர் வளையமும் உள்ளே பச்சைக் கறையும் பாருங்கள், அப்புறம் ஒரு சின்னக் காசைக் கீழே வைத்து முனையாலும் பக்கவாட்டாலும் சோதியுங்கள். இரண்டிலும் சத்தம் நிலையாக வந்தால் தாராளமாக வாங்கலாம்.